பச்சைக் கர்சர்

"வெள்ளிக்கிழமை யார் பேசப்போறது, மேடம்?" என்று செங்கோடன் கேட்டான்.

"பெல்சியா," என்றார் சாருமதி. கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

செங்கோடன் தலையசைத்துவிட்டு வெளியே வந்தான். வராந்தாவில் நடக்கும்போதுதான் சம்மதம்போலத் தலையசைத்தது நினைவுக்கு வந்தது. அதற்காகவும் தன்மேல் கோபம் வந்தது.

சாருமதி அந்தப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர். செங்கோடனைவிட வயதில் இளையவர். அவன் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் பல்லாண்டு பாடம் நடத்திவிட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்தவன். கற்பிப்பவருக்கு வயது பார்க்கக் கூடாது என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தான். கூடப் படிப்பவருக்கும் வயது பார்க்கக் கூடாது என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. பெல்சியா நாகர்கோவிலில் முதுகலை முடித்த கையோடு வந்தவள். அவனை அண்ணே என்று அழைப்பாள்.

இருவரும் ஒரே தேற்றத்தின் இரு பாதிகளில் வேலை செய்தார்கள். வெள்ளிக்கிழமை வெளியூரிலிருந்து அறிஞர்கள் வருகிறார்கள். அவர்கள்முன் நின்று பேசுபவர் பெயரோடுதான் அந்தத் தேற்றம் வெளியே போகும். செங்கோடனின் விடுப்போ இந்த மாதத்தோடு முடிகிறது. வெறுங்கையோடு திரும்பிப் போய் மறுபடி அதே வகுப்பில் நிற்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவர்கள் எழுதியது தாளில் அல்ல. உலாவியில் திறக்கும் பக்கங்களில். இடப்புறம் கட்டளையைத் தட்டினால், வலப்புறம் சமன்பாடு புத்தகத்தில் அச்சிட்டதுபோல் எழுந்து நிற்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் இணைப்பு உண்டு. அதை அனுப்பிவைத்தால் மற்றவர் தம் இடத்தில் இருந்தபடியே உள்ளே வரலாம், எழுதலாம், அழிக்கலாம். அப்படி எழுத வருபவரின் கர்சர் அவரவர்க்குரிய நிறத்தில் இமைக்கும். சாருமதிக்குப் பச்சை. பெல்சியாவுக்கு ஊதா. செங்கோடனுக்குக் கணினி ஒதுக்கியது பழுப்பு. அதிலும் அவனுக்கு ஒரு குறை இருந்தது.

செங்கோடனின் பக்கம் அழகு. சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, காலை வணக்கத்துக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைப்போல் பிசகாமல் நிற்கும். பெல்சியாவின் பக்கம் சந்தைக்கடை. பாதியில் விட்ட வரிகள், கேள்விக்குறிகள், அழித்தும் அழிக்காமலும் கிடக்கும் முயற்சிகள். அந்தச் சந்தைக்குத்தான் பச்சைக் கர்சர் தினமும் வந்தது. வரிக்கு வரி நின்றது. 'இது ஏன்?' என்று கேட்டது. 'இதை விட்டுவிடாதே' என்றது.

செங்கோடனும் தினமும் அவள் பக்கத்தைத் திறப்பான். கணக்கைப் படிப்பதற்கு அல்ல; பச்சை எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு. விடுதியில் வாங்கிவந்த சோறு ஆறிக்கொண்டிருக்கும், அவன் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு தன் பக்கத்துக்குத் திரும்புவான். அங்கே பழுப்பு மட்டும் தனியே இமைத்துக்கொண்டிருக்கும்.

வராந்தாவின் முனையில் பெல்சியா எதிர்ப்பட்டாள்.

"அண்ணே, உங்க நாலாவது துணைத்தேற்றத்த வாசிச்சேன். கூட்டலையும் எல்லையையும் இடம் மாத்துற வரி ஒண்ணு இருக்குல்லா, அதுல எனக்கு ஒரு..."

"வெள்ளிக்கிழமை நீதான் பேசுறியாமே."

"அப்படியா? மேடம் எங்கிட்ட இன்னும் சொல்லலயே."

"நல்லாப் பேசு. அதுக்கு முன்னாடி உன் பக்கத்தக் கொஞ்சம் கூட்டிப் பெருக்கு. வர்றவங்க வழுக்கி விழுந்துடப் போறாங்க."

அவள் சிரித்தாள். "பெருக்கினா உங்க வரியும் சேர்ந்து போயிருமே, அண்ணே."

எந்த வரியைச் சொல்கிறாள் என்று செங்கோடனுக்குத் தெரியும். எப்போதோ அவள் எழுதியதில் ஒரு கழித்தல் குறி விடுபட்டிருந்தது. அதை எல்லோர் கண்ணிலும் படும்படி அவன் பழுப்பில் திருத்திவைத்தான். அவள் அதன்கீழ் 'செங்கோடன் அண்ணன் திருத்தியது' என்று எழுதி, இன்றுவரை எடுக்காமல் வைத்திருக்கிறாள். அது நன்றியா கேலியா என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை.

இவள்கூட என் பக்கத்துக்கு வந்து படிக்கிறாள். வர வேண்டியவர் வருவதில்லை. அந்த நினைப்பு நெஞ்சில் எரிந்தது. அவளைக் கடந்து போகாமல் வந்த வழியே திரும்பி, சாருமதியின் அறைக்குள் மறுபடி நுழைந்தான்.

"ஒண்ணு கேட்கணும், மேடம்."

"கேளுங்க, சார்." வயதில் மூத்த மாணவனை அவர் அப்படித்தான் அழைப்பார்.

"அவ பக்கத்துல தினமும் எழுதுறீங்க. என் பக்கத்துல இதுவரைக்கும் ஒரு எழுத்துகூட எழுதினதில்ல. ஒரு தடவ எட்டிப் பார்க்கக்கூட வரல. நான் எதுல குறைஞ்சு போயிட்டேன்?"

சாருமதி துடைப்பானைக் கீழே வைத்தார். கணினியின் முன் இருந்த தம் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க."

"உங்க நாற்காலியிலயா?"

"அதுல உட்கார்ந்தாத்தான் பதில் தெரியும்."

அவன் நுனியில் உட்கார்ந்தான். சாருமதி அருகில் நின்று, ஆராய்ச்சியின் தொடக்கத்தில் அவன் அனுப்பிய மின்னஞ்சலைத் தேடி எடுத்தார். அதிலிருந்த இணைப்பைச் சொடுக்கினார். செங்கோடனின் பக்கம் விரிந்தது. சமக்குறிகள் வரிசையாக நின்றன.

"ஏதாவது ஒரு வரியில ஒரு புள்ளி வைங்க."

அவன் தட்டினான். பக்கம் அசையவில்லை. வேறு வரிக்குப் போய்த் தட்டினான். விசையை அழுத்திப் பிடித்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சிலைகளைப்போல் சமன்பாடுகள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேல் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்தது: பார்வைக்கு மட்டும்.

விரல் விசைமேலேயே நின்றுவிட்டது.

முதல் நாள் அவனே போட்ட பூட்டு அது. தன் வரிகளைப் பெல்சியா தொட்டுவிடக் கூடாது என்று போட்டான். ஆனால் அன்று எல்லோருக்குமாக அனுப்பியது ஒரே இணைப்பு. பூட்டுக்கு வெளியே வேறு யாரெல்லாம் நிற்கிறார்கள் என்று பிறகு அவன் யோசிக்கவே இல்லை. பார்க்க மட்டும் வருபவருக்குக் கர்சர் கிடையாது, நிறமும் கிடையாது. அவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

"நீங்க வந்துக்கிட்டுத்தான் இருந்தீங்களா, மேடம்?"

"காலையில முதல்ல திறக்கிறது உங்க பக்கந்தான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"பூட்டு கைதவறி விழுந்ததுன்னு நான் நினைக்கலையே, சார்."

செங்கோடன் எழுந்தான். நாற்காலியை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தான்.

"இப்பவே திறந்துவிடுறேன். பார்த்துட்டு, வெள்ளிக்கிழமை விஷயத்த மறுபடி யோசிப்பீங்களா?"

"திறங்க. பார்க்கலாம்."

வெளியே வந்தபோது பெல்சியா அதே இடத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கையில் கசங்கிய ஒரு தாள் இருந்தது.

"அண்ணே, அந்த வரி..."

"அப்புறம் பேசலாம், பெல்சியா. அவசரமா ஒரு வேலை இருக்கு."

தன் அறைக்குப் போய்ப் பக்கத்தின் அமைப்புகளைத் திறந்தான். யார் திருத்தலாம் என்ற கேள்விக்குக் கீழே இரண்டு விடைகள் இருந்தன. இணைப்பு உள்ள எவரும். குறிப்பிட்டவர் மட்டும்.

முதல் விடையின்மேல் கை போனது. உடனே ஓர் ஊதாக் கர்சர் உள்ளே நுழைந்து, நேராக நிற்கும் தன் வரிகளுக்கு நடுவே உலாவுவதுபோல் அவனுக்குத் தோன்றியது. நாளைக்கு அங்கே 'பெல்சியா திருத்தியது' என்று ஒரு வரி இருக்கும். வருகிற அறிஞர்கள் அதைப் படிப்பார்கள்.

கை இறங்கியது. இரண்டாவது விடையைத் தேர்ந்து, சாருமதியின் முகவரியை மட்டும் எழுதிச் சேர்த்தான். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தான்.

பச்சை வந்தது.

முதல் துணைத்தேற்றத்தை வரி வரியாகக் கடந்தது. இரண்டாவதில் நிற்கவில்லை. மூன்றாவதிலும் நிற்கவில்லை. செங்கோடனுக்கு மூச்சு லேசானது. குறை ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம். நான்காவதில் கூட்டலும் எல்லையும் இடம் மாறும் வரிக்கு வந்ததும் பச்சை நின்றது. வெகுநேரம் அங்கேயே இமைத்துக்கொண்டிருந்தது. எத்தனையோ நாள் பெல்சியாவின் பக்கத்தில் அவன் பார்த்துப் பார்த்து ஏங்கியது அந்த நிற்றலுக்குத்தான். திரையை நோக்கிக் குனிந்தான்.

அவன் பக்கத்தில் பச்சை நிறத்தில் முதல்முறையாக எழுத்துகள் விழத் தொடங்கின. அவன் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தான்.

'இந்த வரியில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் வெளியே நிற்கிறாள்.'