பன்னிரண்டிலிருந்து பதினேழுக்கு

கோவை செல்வபுரத்தில் சுகந்தியின் நகைப் பட்டறையில் சீடனாகச் சேர்ந்தபோது அவிநாசியப்பனுக்கு வயது ஐம்பத்தொன்பது. குருவுக்கு முப்பத்திரண்டு.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பது வருஷம் விரட்டிவிட்டு ஓய்வு பெற்ற மனுஷன். அதட்ட ஆள் கிடைக்காமல் வீட்டில் மின்விசிறியை முறைத்துக்கொண்டு கிடந்தார். ஒருநாள் மனைவியின் கொலுசைப் பற்றவைக்க வந்த இடத்தில், இந்தப் பெண் தங்கக் கம்பியைக் கையாலேயே தலைமுடி கனத்துக்கு இழுப்பதைப் பார்த்தார்.

"எனக்கும் கத்துக் குடுங்க அம்மணி" என்றார். அன்றைக்குப் பிடித்தது சனி. யாரை என்று மட்டும் கேட்காதீர்கள்.

வேலை என்னவோ சாதாரணமாகத்தான் தெரியும். கம்பியச்சு என்று ஓர் எஃகுப் பட்டை. அதில் வரிசையாக முப்பது துளை. முதல் துளை பெரிது, அடுத்தது அதைவிட ஒரு நூல் சின்னது, இப்படியே போய்க் கடைசித் துளை கண்ணுக்கே தெரியாது. கம்பியின் நுனியை அரத்தால் ராவித் துளையில் விட்டு, அந்தப் பக்கம் குறடால் பிடித்து இழுக்க வேண்டும். இரண்டு மூன்று துளைக்கு ஒருமுறை நெருப்பில் காட்டி இளக வைக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை ஏழு மாதமாகச் செம்பில் பழகினார் அவிநாசியப்பன். அறுந்த செம்பை எடைக்குப் போட்டால் ஒரு அண்டா தேறும்.

நேற்று முதல்முறையாகத் தங்கம் கொண்டுவந்தார். ஒரு மோதிரம்.

"யாருதுங்க அய்யா?" என்றாள் சுகந்தி.

"எங்கூட்டுக்காரியுதுங்க. நிச்சயத்துக்கு நான் போட்டது. போடறதே இல்லை, பீரோவுல ஒரு டப்பாவுல சும்மா கிடக்குது. வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணமாகி முப்பது வருஷமுங்க. அதை உருக்கிக் காதுக்கு மாட்டல் பண்ணிக் குடுக்கலாம்னு."

"அவங்களைக் கேட்டீங்களா?"

"அதெல்லாம் ஆச்சுங்க."

ஆகவில்லை. கேட்டுவிட்டால் அப்புறம் அதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது?

மோதிரத்தை உருக்கினார்கள். முதல் துளையில் தொடங்கி, பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டாவது துளை வரை பிசிறில்லாமல் வந்தது. அவிநாசியப்பன் வீட்டுக்குப் போய், காரணம் சொல்லாமல் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

இன்று மதியம் மனைவி ருக்குமணி போன் செய்தாள்.

"ஏனுங்க, டப்பாவுல இருந்த என்ற மோதிரத்தைக் காணோமுங்க. நீங்க பாத்தீங்களா?"

"எந்த மோதிரம்?" என்றார்.

'எந்த டிக்கெட்?' என்று திருப்பிக் கேட்கிறவன்தான் டிக்கெட் எடுக்காதவன் என்பது அவருக்கு மனப்பாடம். எத்தனை பேரை அந்த ஒரு கேள்வியிலேயே பிடித்து இறக்கிவிட்டிருக்கிறார்! இப்போது அதே முழியைத் தானே முழித்தார்.

"அந்த ரூமுக்குள்ள வர்றவ ராமாத்தா ஒருத்திதான். மூணு மணிக்குப் பாத்திரம் கழுவ வருவா. நேராக் கேட்டுப்போட்டு, நாளையிலிருந்து வராதேன்னு சொல்லிரப் போறேன். பத்து வருசமாக் கூடப்பொறந்தவளாட்டம் வெச்சிருந்தேனே..." போனை வைத்துவிட்டாள்.

ராமாத்தா, துணி துவைக்கும்போது சட்டைப் பையில் கிடக்கும் பேனா மூடியைக்கூட மேசைமேல் எடுத்து வைக்கிறவள். பாவம், அவள் தலையில் விடியப்போகிறது.

உடனே சொல்லிவிடலாம்தான். ஆனால் என்னவென்று சொல்வது? உன் மோதிரத்தை நான்தான் எடுத்தேன், இப்போது அது பாதிக் கம்பியாகக் கிடக்கிறது என்றா? மூன்று மணிக்குள் மாட்டலை முடித்துக் கையில் கொண்டுபோய் நீட்டிவிட்டால், திருட்டு பரிசாகிவிடும் அல்லவா! மனுஷனுடைய மூளை இந்த மாதிரி நேரத்தில்தான் பிரமாதமாக வேலை செய்யும்.

சுகந்தி வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். நெருப்பில் காட்டுவதற்கெல்லாம் நேரமில்லை. பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு எல்லாவற்றையும் தாண்டி, நுனியை ராவிப் பதினேழாவது துளையில் விட்டார். குறடால் பிடித்தார். மரக்கட்டையில் காலை உதைத்துக்கொண்டு, "முருகா!" என்று ஒரே இழு.

டப்!

கம்பி அறுந்தது. அவிநாசியப்பன் பின்னால் போய்த் தண்ணீர் வாளிக்குள் உட்கார்ந்தார். எழுந்தபோது வாளியும் கூடவே எழுந்தது.

சுகந்தி உள்ளே வந்தாள். சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து வாளியைக் கழற்றினாள்.

"எதுல விட்டீங்க?"

"பதினேழுல."

"எதுலேருந்து?"

"பன்னெண்டு."

அவராகவே எல்லாவற்றையும் கொட்டினார். கேட்காமல் எடுத்தது, போன், ராமாத்தா, மூன்று மணி. சொல்லச் சொல்ல வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சுகந்தி அறுந்த துண்டுகளைப் பொறுக்கினாள். "தங்கம் எங்கயும் போயிராதுங்க. மறுபடி உருக்கி முதல் துளையிலிருந்து வரலாம்."

"மூணு மணிக்குள்ள ஆயிருங்களா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிரும்."

"ஐயோ அம்மணி! அதுக்குள்ள ஒண்ணும் தெரியாத பொம்பளை திருடியாயிருவாளே! ஏதாச்சும் குறுக்கு வழி சொல்லுங்க."

சுகந்தி கம்பியச்சை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இந்த முதல் துளை எப்படிங்க இருக்குது?"

"அதுக்கென்னங்க, அதுதான் இருக்கறதுலயே பெருசு. எந்த மடையனும் நுழைஞ்சிருவான்."

"நேத்து நான் கேட்டனே, அவங்களைக் கேட்டீங்களான்னு. நீங்க நுழையலீங்களே."

அவிநாசியப்பன் கம்பியச்சைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே முக்கால். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"ருக்கு, மோதிரத்தை நான்தான் எடுத்தேன். உனக்கு மாட்டல் பண்ணலாம்னு உருக்கிட்டேன்."

அந்தப் பக்கம் தூரத்திலிருந்து ராமாத்தாவின் குரல் கேட்டது. "போன்ல அய்யாங்களா? சாப்பிட்டாரான்னு கேளுங்கம்மா."

"வெள்ளனவே வந்துட்டா" என்றாள் ருக்குமணி மெதுவாக. "இன்னும் கேக்கலை. வாய் வரைக்கும் வந்திருச்சு." மூக்கை உறிஞ்சினாள். "அதை ஏன் போடறதில்லைன்னு ஒரு நாளாச்சும் என்னைக் கேட்டீங்களா? விரல் தடிச்சுப்போச்சு, ஏற மாட்டேங்குது. வெள்ளிக்கிழமை போட்டுக்கணும், பெருசு பண்ணிக் குடுங்கன்னு உங்ககிட்டக் குடுக்கத்தான் இன்னைக்கு டப்பாவைத் திறந்தேன். மாட்டலாமா மாட்டல்! இந்த வயசுல மாட்டல் போட்டுட்டு நான் என்ன பரதநாட்டியமா ஆடப் போறேன்?"

வைத்துவிட்டாள்.

ராமாத்தா தப்பித்தாள் என்று அவிநாசியப்பனுக்கு மூச்சு வந்தது. ருக்குமணி முப்பது வருஷமாக அந்த மோதிரத்தை நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது.

"அம்மணி, அவளுக்கு மோதிரம்தான் வேணுமாமுங்க. விரல் தடிச்சதால சின்னதாப் போச்சாம். இனி அதுக்கு என்ன செய்யணும்?"

"உருக்கி, கம்பி இழுத்து, வளைச்சு, பத்தவெச்சு, மெருகு போடணுமுங்க. மூணு நாள் வேலை."

"நேத்தைக்கே உருக்காம, மோதிரத்தையே பெருசு பண்ணியிருந்தா?"

சுகந்தி கரியை ஊதிக்கொண்டே சொன்னாள். "கம்பியச்சையே தொட வேண்டாமுங்க. இரும்புக் கூம்புல மாட்டி நாலு தட்டு."