கருங்காட்டு ஆற்றின் ஆழம்

பன்னிரண்டு ஆறுகளுக்குப் பாலம் போட்டவர் மில்வார்ட் துரை. ஒன்றில்கூட அவர் பூட்ஸ் நனைந்ததில்லை. பட்டாளத்து இஞ்சினியராக முப்பது வருஷம் இருந்துவிட்டுச் சீமைக்குக் கப்பலேறப் போகிறவருக்கு, தமிழ் தெரிந்த கவர்னர் தலைமையில் பிரிவுபசாரம் நடந்தது.

துரையின் பெருமையைச் சொல்ல ஒரு சிப்பாய் வேண்டுமாம். இருளப்பனைப் பிடித்தார்கள்.

"புகழ்ந்து மட்டும்தான் பேசணும். மாறி ஒரு வார்த்தை வந்தால் தோலை உரிச்சிடுவேன்" என்றார் துரை.

"புகழ்ச்சியைத் தவிர ஒண்ணும் வராதுங்க."

மேடையேறினான். கையில், முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட பழைய கயிறு.

"கருங்காட்டு ஆத்துல வெள்ளம். அன்னிக்கே ஆழம் தெரிஞ்சாகணும். இந்தக் கயித்தை என் தம்பி சுடலைமுத்து இடுப்புல கட்டி, கல்லைக் கையில குடுத்து, 'நான் சொல்லாம விடாதே'ன்னு எறக்கினாரு துரை. அவசரப்படுற ஆளே இல்லைங்க. பதினொரு முடிச்சு எண்ணினாரு, எழுதினாரு, மறுபடி எண்ணினாரு. கயிறு வெட்டி வெட்டி இழுத்துச்சு. 'ஆட்டாதே, அளவு தப்பும்'னு அதட்டினாரு. கையெழுத்துப் போட்ட பிறகுதான் இழுக்கச் சொன்னாரு. அந்தப் பாலத்துல இன்னிக்கு வரைக்கும் ஓர் அங்குலம் பிசகில்லைங்க."

கவர்னர் மெல்ல, "உன் தம்பி?" என்றார்.

"அவனும் பிசகலைங்க. துரை சொல்லாம விடலை. விரலைப் பிரிச்சுத்தான் கல்லை எடுத்தோம்."