நிறுத்தியவர்கள் பட்டியல்

குணாளன் செருப்பைக் கழற்ற மறந்து மடத்துப் படிகளில் மூன்றை ஏறிவிட்டார். இறங்கிக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் முதல் படியிலிருந்து ஏறினார். அவ்வளவு கோபம்.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சிறு குன்று. அதன்மேல் ஓடு வேய்ந்த ஒரு கூடமும் சமையல்கட்டும். ஞாயிறுதோறும் அறுபது பேருக்குச் சோறு. நடத்துகிறவர் வடிவம்மை. குணாளனைவிடப் பதினான்கு வயது இளையவர். ஆனாலும் ஆறு வருடமாகக் குணாளன் மனக்குறை என்று வந்து நிற்பது அவர் முன்னால்தான்.

வடிவம்மை கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ராஜமன்னார், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவர் முன்னாலும் ஒரு முறம்.

"அம்மா, மனசு கொதிக்குது. அடங்க ஒரு வழி சொல்லுங்க. ரெண்டு மணிக்குள்ள அடங்கணும்."

"அதென்ன ரெண்டு மணி? பஸ்ஸா புறப்படுது?" என்றார் ராஜமன்னார்.

"அறுபத்தி நாலு பேரை வேலையை விட்டு அனுப்பற பட்டியல். ரெண்டு மணிக்கு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பணும்."

வடிவம்மை இன்னொரு முறத்தில் அரிசியைக் கொட்டி குணாளன் பக்கம் தள்ளினார்.

"ரேஷன் அரிசி. கல் கிடக்கும். பார்த்துக்கிட்டே சொல்லுங்க."

குணாளன் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார். அவர் கீழே தெரிகிற தொழிற்சாலையின் மேலாளர். கைபேசிச் செயலிகளில் பேர் எடுத்த கம்பெனி அது. மூன்று வருடத்துக்கு முன்னால், கைக்கடிகாரமும் செய்து விற்கலாம் என்று ஆசைப்பட்டு இங்கே வந்தது.

"செயலியும் பொருளும் ஒண்ணுன்னு நினைச்சுட்டானுங்க அம்மா. செயலியில தப்புன்னா ராத்திரியோட ராத்திரியா திருத்தி அனுப்பிடலாம். கையில கட்டிக்கிட்டுப் போன கடிகாரத்தை எப்படித் திருத்தறது? பேட்டரி உப்பிடுச்சு. பதினோராயிரம் கடிகாரம் திரும்பி வந்துடுச்சு. அந்த மட்டமான பேட்டரியை வாங்கச் சொன்னவன் பெங்களூர்ல உக்காந்திருக்கான். அவன் பேரு எந்தப் பட்டியல்லயும் இல்ல. இங்க கடிகாரம் பூட்டற மூணு லைன்ல ரெண்டை மூடச் சொல்லிட்டான்."

"அறுபத்தி நாலு பேரைப் பொறுக்கினது யாரு?"

"நான் யாரையும் கைகாட்டல. அந்தப் பாவம் வேண்டாம்னு கணக்கை வச்சே எடுத்தேன். லைன்ல ஒவ்வொருத்தர் முன்னாடியும் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கு. அமுக்கினா லைன் நிக்கும். யாரு எத்தனை தடவை நிறுத்தினாங்கன்னு கம்ப்யூட்டர் சொல்லும். நிறுத்தினா உற்பத்தி குறையுது இல்லையா? அதனால அதிகமா நிறுத்தினவங்க மேல, அப்படியே வரிசையா கீழ. மேலேருந்து அறுபத்தி நாலு. முதல் பேரு தவமணின்னு ஒரு பொண்ணு. வருஷத்துல நாற்பத்தி ஒரு தடவை."

"எதுக்கு நிறுத்தினா?"

"கடிகாரத்தோட பின்மூடி படியலைன்னு எழுதியிருக்கா. நாற்பத்தி ஒண்ணும் அதேதான்."

"ஏன் படியல?"

"உள்ள பேட்டரி உப்பினா மூடி படியாது."

தான் சொன்னது தன் காதிலேயே விழாதவர்போல, குணாளன் அடுத்த கல்லைத் தேடினார்.

வடிவம்மை தன் முறத்தைக் கீழே வைத்தார்.

"எத்தனை கல் எடுத்தீங்க?"

"இருபத்தி மூணு."

"ராஜமன்னார், நீங்க?"

"நமக்கு ஒண்ணுகூட மாட்டலம்மா. மூணு முறம் முடிச்சுட்டேன்," என்றார் ராஜமன்னார் பெருமையாக.

வடிவம்மை குணாளனைப் பார்த்தார். "அவர் மூணு முறம் முடிச்சுட்டார், கல்லே இல்ல. நீங்க ஒரு முறம்கூட முடிக்கல, இருபத்தி மூணு கல். உங்களாலதான் உலை காயுது. அவர் இருக்கட்டும். நீங்க எழுந்து போங்க. இனிமே இங்க வர வேண்டாம்."

குணாளன் சிரிக்கப் போனார். வடிவம்மையின் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆறு வருடத்தில் அந்தக் குரல் இப்படித் தடித்து அவர் கேட்டதே இல்லை. எழுந்தார். காதெல்லாம் சூடேறிவிட்டது.

"கல்லை நானாம்மா போட்டேன்? மூட்டையிலேயே கிடந்தது! ரெண்டு பேருக்கும் ஒரே மூட்டை. இந்த மனுஷன் என் பேச்சைக் கேட்டுக்கிட்டு சும்மா கையால துழாவினாரு. கல்லெல்லாம் அப்படியே உள்ளதான் கிடக்கு. நான் கண்ணு வலிக்கப் பார்த்து எடுத்தேன். எடுத்தவனைப் பார்த்து வெளியே போன்னா, இது எந்த ஊரு நியாயம்?"

"கத்துங்க. நல்லா கத்துங்க. தவமணியால உங்க முன்னாடி நின்னு இப்படிக் கத்த முடியாது."

ராஜமன்னார் ஓசைப்படாமல் தான் முடித்த அரிசியை மறுபடியும் முறத்தில் கொட்டிக்கொண்டு குனிந்தார்.

"பொத்தானை அமுக்கச் சொன்னது யாரு?" என்றார் வடிவம்மை.

"நான்தான்."

"என்னன்னு சொன்னீங்க?"

"சந்தேகம் வந்தா பயப்படாம நிறுத்துங்க. யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க, நான் இருக்கேன்னு சொன்னேன்."

ராஜமன்னார் முறத்தில் முதல் கல் அகப்பட்டது. அதை எடுத்து வைக்கிற சத்தம்கூடக் கேட்டது.

"தவமணி பேரை எடுத்துடறேன் அம்மா."

"மிச்சம் அறுபத்தி மூணு பேருக்கு நீங்க இல்லையா?"

"அப்ப வரிசையைத் திருப்பிடறேன். ஒரு தடவைகூட நிறுத்தாதவங்களை அனுப்பறேன்."

"பேட்டரியை வாங்கச் சொன்னது அவங்களா?"

குணாளனுக்குக் கோபம் திரும்ப ஏறியது. இந்த முறை அது வடிவம்மை மேலேயே பாய்ந்தது.

"உங்களுக்கென்ன, குன்று மேல உக்காந்து சொல்லிடுவீங்க! நான் கையெழுத்துப் போடலைன்னா என் வேலை போயிடும். எனக்கு ஐம்பத்தி நாலு வயசு, எவன் வேலை குடுப்பான்? என் நாற்காலியில வேற ஒருத்தன் வந்து உக்காந்து, அதே பட்டியலை அனுப்புவான். அந்த அறுபத்தி நாலு பேருக்கு அதனால என்ன ஆகப்போகுது?"

"அனுப்பட்டும். அவன் இங்க வந்தா, அவன்கிட்ட பேச வேண்டியதை அவன்கிட்ட பேசிக்கிறேன். இன்னிக்கு வந்திருக்கிறது நீங்க."

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே காலைக் காட்டியது. குணாளன் மெல்ல உட்கார்ந்தார்.

"வந்தப்போ இருந்ததைவிட இப்ப அதிகமா கொதிக்குது அம்மா. அடங்க வழி கேட்டுத்தானே வந்தேன். அதைச் சொல்லவே இல்லையே."

வடிவம்மை முறத்தைக் கையில் எடுத்தார்.

"அடங்கிட்டா கையெழுத்துப் போட்டுடுவீங்க."