பேரைத் திரும்ப வாங்கின வெள்ளச்சி

ஒரு ஊர்ல ஒரு ஆறு இருந்துச்சாம். பேரு வெள்ளச்சி. "ம்" கொட்டு, நீ கொட்டுனாத்தான் ஆறு ஓடும். ம்... அப்படித்தான்.

வெள்ளச்சி மலையை விட்டு இறங்குறப்ப பளிங்கு மாதிரி இருப்பா. அப்புறம் ஒரு டவுன் வந்துச்சு. பழைய கஞ்சி, சோப்புத் தண்ணி, மாட்டுச் சாணி, அத்தனையையும் அவ தலையில ஊத்துனாங்க. ஊத்திட்டு, பாலத்து மேல நின்னு, "ச்சீ, சாக்கடை!"ன்னு மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. ஊத்துனதும் அவங்க, மூக்கைப் பொத்துனதும் அவங்க! நல்லாருக்குய்யா நியாயம்.

வெள்ளச்சிக்கு அழுகையா வந்துச்சு. ஏன்னா, கீழே ஆலங்கரையில பொன்னுருவி காத்திருக்கா. புதுசாக் கல்யாணம் ஆனவ. ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துல பூ விட்டு, தாலிக்கயிறு மாத்தணும். அவளும் சாக்கடைன்னு சொல்லிட்டா?

அப்போ ஒரு பள்ளம், "என்கிட்டயே தங்கிடு, யாரும் உன்னைப் பாக்க மாட்டாங்க"ன்னுச்சு. வெள்ளச்சியும் தங்கினா. கொய்ய்ங்... கொசு வந்துச்சு. நாத்தம் இன்னும் ஏறிச்சு. அப்போ அவ வயித்துக்குள்ள இருந்து பொடிப்பொடியா சத்தம். கண்ணுக்கே தெரியாத பூச்சிங்க, கோடானுகோடி!

"ஆத்தா, அழுக்கைத் தின்னத்தான் நாங்க இருக்கோம். ஆனா மூச்சு முட்டுது. ஓடு, காத்து கொண்டா!"

விழுந்தடிச்சு ஓடினா. எதிர்ல பாறைங்க. பயம்தான், இருந்தாலும் குதிச்சா. தட்... தடார்... புஸ்ஸ்ஸ்! ஒரே நுரை. நுரை பூராவும் காத்து. அந்தக் காத்தைக் குடிச்சிட்டு, பூச்சிங்க அவுக் அவுக்குன்னு அழுக்கைத் தின்ன ஆரம்பிச்சுதுங்க.

அப்புறம் நாணல் காடு வந்துச்சு. "மெதுவாப் போடி, என்ன அவசரம்?"னு நாணல் அவ பாவாடையைப் பிடிச்சு இழுத்துச்சு. வேகம் குறைஞ்சதும் சேறெல்லாம் அடியில உக்காந்துச்சு. வெயிலும் உள்ள எட்டிப் பாத்துச்சு. ஒரு பிளாஸ்டிக் பையைப் பாத்து மட்டும், "இது எங்களுக்குச் செரிக்காது"ன்னு பூச்சிங்க முகத்தைத் திருப்பிக்கிச்சுங்க. அது நாணல்லயே தொங்குது. நீ போட்டியே ஒரு மிட்டாய்க் காகிதம், அதுவும் அங்கதான். என்ன, இப்ப மட்டும் "ம்" வரலை?

அங்க ஆலங்கரையில, பொன்னுருவியோட மாமியார் குழாய்த் தண்ணி வாளியோட நின்னா.

"மேல டவுன்ல சாக்கடையாப் போகுதாம். வாளியிலயே பூ விடு."

"வாளித் தண்ணி எங்க ஓடும், அத்தை? ஓடி வர்றவளுக்குத்தான் பூவு."

பொன்னுருவி ஆத்துல இறங்குனா. ரெண்டு கையாலயும் அள்ளி மோந்து பாத்தா. பொன்னுருவி தண்ணியைக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "வெள்ளச்சி ஆத்தா, வந்துட்டியா!"ன்னா.

சலசலசலன்னு சிரிச்சா வெள்ளச்சி! பொன்னுருவி விட்ட பூவையெல்லாம் தூக்கிக்கிட்டு ஓடிட்டா.

ஆறு கடலுக்குப் போயாச்சு, கதை கரையேறியாச்சு. அந்த மிட்டாய்க் காகிதத்தைக் காலையில போய் எடுத்துடலாம். இப்பத் தூங்கு.