எள்ளுப்பூ மூக்கழகி

காட்டுக் குட்டையின் கரையில் அங்காயி என்ற யானை படுத்துக் கிடந்தது. சேற்றில் வழுக்கி விழுந்ததில் அதற்கு விலாவில் நல்ல அடி. எலும்பு முறியவில்லை. வீக்கமும் வடிந்துவிட்டது. ஆனாலும் அது எழுந்திருக்கவில்லை.

யானை படுத்தே கிடந்தால் அதன் கனமே அதன் மூச்சை அடைத்துவிடும். அதன் மகள் பூவாயிக்கு அது தெரியும். இன்னொரு கவலையும் இருந்தது. கோடையில் குட்டை வற்றிக்கொண்டே வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் வற்றாத மடு ஒன்று உண்டு. அங்கே போகும் வழி அங்காயிக்கு மட்டும்தான் தெரியும். அங்காயி எழுந்தால்தான் காட்டுக்கே தண்ணீர்!

"அம்மா, ஒரே ஒரு தடவை எழுந்திருக்கப் பாரேன்!" என்று கெஞ்சியது பூவாயி.

"முடியாதுடி. என் காலம் முடிஞ்சுபோச்சு."

"யாரு சொன்னா?"

"பார்க்க வர்றவங்க எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க!"

உண்மைதான். நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கு அந்தக் காட்டில் குறைவே இல்லை. வந்ததும் ஒரு பெருமூச்சு. பிறகு, "எப்படி இருந்த உடம்பு, இப்படி ஆயிடுச்சே!" அதற்கும் பிறகு, இதே நோயில் செத்துப்போன சொந்தக்காரர் கதை. இந்தக் கதை இல்லாமல் வந்தால் மரியாதை இல்லை என்று அவர்களுக்கு நினைப்பு.

"எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் விலாவுல அடி" என்றது கரடி. "நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. திடீர்னு போயிட்டாரு!"

"இவங்க சித்தப்பாவாவது பேசிட்டுப் போனாரு" என்றது காட்டுப்பன்றி, கரடியைப் பார்க்காமலே. "எங்க மச்சான் ஒரு வார்த்தைகூடப் பேசலை!"

கரடிக்கும் பன்றிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மரத்திலிருந்து விழுந்த தேனடையைப் பன்றி தின்றுவிட்டது என்பதில் தொடங்கிய பகை அது. யார் வீட்டுச் சாவு பெரிய சாவு என்பதில்கூட அவற்றுக்குப் போட்டி.

இவர்களுக்கெல்லாம் நாட்டாமை ஒரு நாரை. தானாகவே வந்து யானையின் தலைமாட்டில் நின்றுகொண்டது. யாராவது லேசாகப் பல்லைக் காட்டினால் போதும், "உஷ்! நோயாளி பக்கத்துல சிரிக்கக் கூடாது!" என்று கொத்த வந்துவிடும். இப்படி ஒரு கூட்டம் சுற்றி நின்றால் நல்ல உடம்பும் படுத்துவிடும். அங்காயி தழையைத் தொடவில்லை. ஒரு நாள் தண்ணீரையும் வேண்டாம் என்றது.

நாரை கரடியையும் பன்றியையும் அழைத்தது.

"இனிமே தாங்காது. இவ்வளவு பெரிய சாவுக்கு ஒப்பாரி இல்லைன்னா காட்டுக்கே அவமானம்! வாங்க, ஒத்திகை பார்த்துடுவோம்."

பூவாயிக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்கம்மா இன்னும் உயிரோட இருக்கா!"

"அதனாலதாம்மா இப்பப் பார்க்கிறோம். அப்புறம் எல்லாரும் அழுதுக்கிட்டு இருப்போம், ஒத்திகைக்கு நேரம் ஏது?"

நாரைக்கு ஒரே ஒரு ஒப்பாரிதான் தெரியும். ஊர் வயலில் மீன் பிடிக்கப் போனபோது, யாரோ ஒரு பெண்ணுக்காகப் பாடியதைக் கேட்டு வைத்திருந்தது. அதையே எடுத்துவிட்டது. கரடி மாரில் அடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னது. பன்றி கடைசியில் ஓங்கி ஒரு கேவல் கேவியது.

"எள்ளுப்பூ மூக்கழகி! எங்களை விட்டுப் போனியே!"

யானையின் காது அசைந்தது.

"கொடியிடை நோகாம குருவிபோல கொறிப்பியே!"

யானை ஒரு கண்ணைத் திறந்தது. தன் வயிற்றைப் பார்த்தது.

"மண்ணுக்கும் வலிக்காம மெல்ல நடப்பியே!"

பன்றி கேவுவதை நிறுத்தியது. "மெல்ல நடந்ததா? போன மழையில எங்க வீட்டு வாசல்ல ஒரு கால் வெச்சுது. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பள்ளத்துலதான் என் குடும்பமே குளிக்குது!"

அங்காயி மெல்லத் தும்பிக்கையைத் தூக்கி நாரையின் முகத்துக்கு நேரே நீட்டியது.

"அடியே, நல்லாப் பாரு! இதுவாடி எள்ளுப்பூ?"

கேட்டுவிட்டு, அதுவே சிரித்துவிட்டது. முதலில் ஒரு செருமல். பிறகு வயிறு குலுங்கியது. பிறகு நிறுத்தவே முடியவில்லை.

"சிரிக்கக் கூடாது! உடம்புக்கு ஆகாது!" என்று நாரை கத்தியது. தும்பிக்கையிலிருந்து வந்த காற்றில் அது பறந்துபோய்ச் சேற்றில் தலைகீழாக விழுந்தது. குட்டைக்கரையே சிரித்தது. கரடி சிரித்துச் சிரித்துப் பன்றியின் மேல் சாய்ந்தது. "யோவ், கொஞ்சம் பிடிய்யா, விழுந்துடப் போறேன்!" என்றது. தேனடைக்குப் பிறகு அது பன்றியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

விலா வலிக்குமே என்று பயந்து, அங்காயி அத்தனை நாளும் அரை மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. இப்போது சிரிப்பில் மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. வலிக்கவில்லை! சேற்றில் உதறிக்கொண்டிருந்த நாரையை நன்றாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் முன்காலை ஊன்றியது, பின்காலை இழுத்தது.

"அம்மா! நீ நிக்கிறே!"

அங்காயி குனிந்து தன் கால்களைப் பார்த்தது. "ஆமாண்டி, நிக்கிறேன்! தழை எங்கே? பசி உயிரே போகுது!"

பூவாயி தழையை எடுக்கப் போனது. போகிற வழியெல்லாம் அதற்குக் கண்ணீர். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பயம் அப்படி வடிந்தது.

மறுநாள் காடு முழுவதும் அங்காயியின் பின்னால் மலையேறி மடுவை அடைந்தது. வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது. கரடியும் பன்றியும் வழிநெடுக ஜோடியாக நடந்து, சித்தப்பாவும் மச்சானும் உயிரோடு இருந்தபோது செய்த கோமாளித்தனங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தன.

யானையின் முதுகில் உட்கார்ந்து வந்த நாரை கூச்சத்தோடு கேட்டது: "அக்கா, இன்னொரு அடி பாடட்டுமா?"

"பாடுடி! ஆனா அந்த மூக்கை மட்டும் விட்டுடாதே!"

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் சாவுக் கதையை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சிரிப்பைக் கொண்டுபோக வேண்டும். கூடிச் சிரிக்கும் இடத்தில் நோயும் பகையும் நெடுநாள் தங்குவதில்லை.