மில் வாசல் வேம்பு

விருதுநகர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்குக் கனகசபாபதி என்று புது மேனேஜர் வந்து சேர்ந்தார். வந்ததுமே அவர் கண்ணை உறுத்தியது, ஓய்வு பெற்றவர்களுக்கு மில் கொடுத்துவந்த பென்ஷன்தான். எல்லாரையும் வாசலுக்கு வரச்சொன்னார். சித்திரை மாதம், உச்சி வெயில். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்துகொள்ள, வயசானவர்கள் வெயிலில் நின்றார்கள்.

"மில்லுக்காக இன்னைக்கு என்ன வேலை பார்க்கிறீங்க? காட்டினா பென்ஷன் உண்டு. இல்லைன்னா இந்த மாசத்தோட சரி!"

ஓய்வு பெற்றவர்கள் வேலைக்கு எங்கே போவார்கள்? ஒரு காலத்தில் மில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட சீனியம்மாள் மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் காட்டுறேன் சார். நாற்காலியை மட்டும் இப்படி எங்க பக்கம் போடுங்க."

அதற்கென்ன என்று மேனேஜர் விறைப்பாக வெயிலில் வந்து உட்கார்ந்தார். சீனியம்மாள் பக்கத்திலேயே நின்று காத்திருந்தாள். அவருக்கு வழுக்கை சுட்டது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. கடைசியில் துள்ளி எழுந்து மரத்தடிக்கே ஓடினார்.

"என்னம்மா, விளையாடுறியா? எங்கே உன் வேலை?"

"அதுக்குக் கீழேதானே சார் நிக்கிறீங்க! இது குச்சியா இருந்தப்ப தண்ணி சுமந்து ஊத்தினது நான். நான் வீட்டுக்குப் போயிட்டேன், என் வேலை போகலை. உள்ளே ஓடுற மிஷினெல்லாம் இவங்க பூட்டினது, அதுவும் நிக்கலை. பென்ஷனை நிறுத்தணும்னா தாராளமா நிறுத்துங்க சார். ஆனா நிழலை விட்டு வெளியே வந்து சொல்லுங்க."

மேனேஜர் வெயிலைப் பார்த்தார். பென்ஷன் நிற்கவில்லை.