வைக்கோலில் ஒரு ஊதாப் புள்ளி

“அந்தக் கை பட்டா வைக்கோல்லயும் பில்லாந்தின் வந்துரும்.”

டீ டம்ளரோடு படியேறிக்கொண்டிருந்த திரவியத்தின் காதில் இது விழுந்தது. ஆய்வகத்துக்குள் உடன் படிக்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

திரவியம் சித்த வைத்தியர். காமாலைக்கு அவர் தரும் கீழாநெல்லிச் சூரணத்துக்கு ஊரில் நல்ல பெயர். அந்தச் செடியில் இருக்கும் பில்லாந்தின் என்ற வேதிப்பொருளை ஆராயத்தான், தன்னைவிடப் பத்து வயது இளையவரான ஜொகரா மேடத்திடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். வியாபாரிகள் அனுப்பும் மூட்டைகளை இங்கே சோதித்து, பில்லாந்தின் இருக்கிறது என்று தெரிந்த பிறகே இடிப்பார். இதுவரை ஒரு மூட்டைகூடத் தோற்றதில்லை.

அதுதான் இப்போது உறுத்தியது. சாறுகளைச் சோதனைத் தட்டில் தொட்டு வைப்பது அவர். கடைசியில் ரசாயனம் தெளித்து, பில்லாந்தின் இருந்தால் தெரியும் ஊதாப் புள்ளியை வரவழைப்பது மேடம். தெளிப்பதிலேயே எதையாவது கலந்துவிடுகிறாரோ? தன் நோயாளிகள் குடிப்பது வெறும் புல்லோ?

மறுநாள் மூன்று மூட்டைகளின் சாறோடு, நாலாவதாக வைக்கோல் சாற்றையும் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

வழக்கமில்லாமல் அன்று மேடம் பக்கத்தில் வந்து நின்றார். திரவியத்துக்குச் சந்தேகம் உறுதியானது. மேடத்தின் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமலே வேலையைத் தொடங்கினார். மெல்லிய கண்ணாடிக் குழாயால் முதலில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சுத்தமான பில்லாந்தினைத் தொட்டு வைத்தார். சூரணக் கரண்டியைத் துடைப்பதுபோல் குழாய் நுனியைத் துண்டில் துடைத்துக்கொண்டு அடுத்த சாற்றுக்குப் போனார். பிறகு அதற்கடுத்தது.

மேடம் ரசாயனம் தெளித்துத் தட்டைச் சூடாக்கினார். ஐந்து ஊதாப் புள்ளிகள்.

“மேடம், கடைசியில இருக்கிறது வைக்கோல்!”

“தெரியும் வைத்தியரே. கீழாநெல்லிச் சாறு இவ்வளவு வெளுப்பாவா இருக்கும்?”

“அப்போ புள்ளி எப்படி வந்துச்சு? நேத்து இங்க பேசிக்கிட்டாங்க. என் காதால கேட்டேன்.”

மேடம் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதல் புள்ளி அடர்த்தியாக இருந்தது. அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றைவிட ஒன்று மங்கின; வைக்கோலின் புள்ளி வெறும் நிழலாக நின்றது.

பிறகு அவர் திரவியத்தின் கையைப் பார்த்தார். திரவியமும் பார்த்தார். பில்லாந்தினில் தோய்த்த அதே ஒரு குழாய். மேஜைமேல் புதுக் குழாய்ப் பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

“அப்போ... மூணு மூட்டையும்?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.”

“இதுவரைக்கும் இடிச்சது?”

மேடம் தட்டைக் கீழே வைத்தார்.

“அந்தப் பேச்சு என் காதுலயும் விழுந்துச்சு வைத்தியரே. எந்தக் கைன்னு பாக்கத்தான் இன்னைக்கு வந்து நின்னேன்.”

திரவியம் தன் வைத்தியசாலைக்குப் போன் செய்தார். காமாலைச் சூரணத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றார். கையிலிருந்த குழாயை ஒடித்துப் போட்டுவிட்டு, புதுப் பெட்டியைப் பிரித்தார்.